அப்பா யார் கூட?

“கையை எடுடா! அது கரடிக்கு!”

கோரா தன் அண்ணன் டெல்பர்ட்டின் புறங்கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். கனமான குண்டுகள் இருந்த பெட்டியை அவன் நைசாக மேசைக்கு அடியில் தள்ளப் பார்த்தான்.

வீட்டின் நிலவறையில், தோட்டா அடைக்கும் பிரெஸ்ஸுக்கு முன்னால், காலையிலிருந்து இருவரும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பென்சில்வேனியா மலைக்காட்டில் மான் வேட்டையும் கரடி வேட்டையும் தொடங்குகின்றன. முதல் தோட்டா எதற்கு என்பதில்தான் சண்டை. பிடிவாதத்தில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

“அப்பாவுக்கு எப்பவும் மான்தான். லேசான குண்டு, மூக்குல குழி. உள்ள போனதும் விரிஞ்சிரும், மான் நாலடி தாண்டாது. இந்தத் தடவையும் அவரு என்கூடத்தான் வர்றாரு,” என்றான் டெல்பர்ட்.

“உன்கூட, உன்கூட! இருபது வருஷமா உன்கூடத்தானே வந்தாரு? நான் கேட்டப்பல்லாம், ‘அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் கரடிக்குப் போலாம் கண்ணு’ன்னு சொல்லிச் சொல்லியே ஏமாத்தினாரு. எனக்கு வயிறு எரியாதா?”

அழுதால் அண்ணன் ஜெயித்துவிடுவான் என்று இன்னும் பலமாகக் கத்தினாள்.

“இந்த வருஷம் விடமாட்டேன். அப்பா என்கூட வர்றாரு. கரடிக்கு!”

“அறிவிருக்கா உனக்கு? கரடிக் குண்டுக்கு மூக்கு மூடியிருக்கும். குழியே கிடையாது. அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே?”

“நானே குழி போட்டுக்கறேன்.” சின்னத் துளைக்கருவியை எடுத்து அவன் மூக்குக்கு நேராக ஆட்டினாள்.

“போடு, போடு! குண்டு கோணலாப் போகும். அடிபட்ட கரடி உன்மேலயே பாயும். அப்பா மானம் காத்துல பறக்கும்!”

“நீ பேசாதே! போன வருஷம் நீ சுட்டது மானையா, ஸ்வார்ட்ஸ் வீட்டுத் தபால் பெட்டியையா?”

டெல்பர்ட்டின் முகம் கறுத்தது. பிரெஸ்ஸின் கைப்பிடியை அவன் இறுக்கிப் பிடித்தான். கோரா பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். தட்டு கவிழ்ந்து பித்தளைக் கூடுகள் தரையெங்கும் உருண்டோடின.

நிலவறைப் படியில் தடதடவென்று சத்தம். அவர்களுடைய அம்மா அர்லீன், ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் மூடி போட்ட ஜாடியுமாக இறங்கி வந்தாள். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“வெட்கமா இல்ல? மேல அடுப்புல எனக்கு ஆப்பிள் பை கருகுது, கீழ ரெண்டு தடிமாடும் அடிச்சுக்குதுங்க!”

“நீயே சொல்லும்மா,” கோராவின் கண்ணில் நீர் முட்டியது. “இந்த வருஷம் அப்பா யார்கூட வரணும்?”

அம்மா ஜாடியை ணங்கென்று மேசையில் வைத்தாள். மூடியைத் திருகித் திறந்து, ஸ்பூனை உள்ளே போட்டாள்.

“ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக் குண்டுல அடைச்சுக்குங்க. உங்கப்பா சாம்பல் ரெண்டு பேருக்கும் தாராளமாப் போதும்!”