அடி அடுக்கில் ஒரு தடம்

"வழுக்குற பாசிக்கு ஒரு ஆராய்ச்சியா? நாளைக்கே மண்ணடிச்சு மூடிடுறேன்," என்றான் காண்டிராக்டர் தம்பி. அக்கா கத்தக் கத்த, கடலோரப் பாசிப் படலத்தை பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுத்தான் அவளுடைய ஆய்வுக்கூடத்துக்கே வந்திருந்தான்.

"மூடு. அலை கொட்டுற மண்ணைப் பிடிச்சுக்கிட்டு, பாசி வெளிச்சம் தேடி மேல வந்துடும். அடியில இருக்கிறது கல்லாயிடும். இந்தக் கல்லு அப்படி ஆனதுதான். ரெண்டாயிரம் வயசு."

"ரொம்ப அளக்காதே."

தரையில் கிடந்த கல்லை அக்கா உளியால் தட்டினாள். அடி அடுக்கு பிளந்தது. உள்ளே ஒரு பூட்ஸ் தடம். குதிகாலில், அவன் போன வாரம் தன் பூட்ஸுக்குப் போட்ட முக்கோண ஒட்டின் அச்சு.

"யாரை ஏமாத்தப் பாக்குறே? நீயே செதுக்கினதுதானே!" என்று இளித்தபடி தடத்தில் காலை வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. எடுக்கப் பார்த்தான், வரவில்லை.

"மிதிக்காதேன்னு சொன்னேன்ல," என்றாள் அக்கா.

ஈரப் பச்சைப் படலம் அவன் கணுக்காலைத் தாண்டி, வெளிச்சம் தேடி ஏறிக்கொண்டிருந்தது.