ஒன்பதாம் தெருவுக்கு ட்ராம் வந்த கதை

மின்சாரத்தை அதிகம் செலவழிக்கும் தெருவுக்கு ட்ராம் கிடையாது என்பது நகரத்தின் விதி. ஒன்பதாம் தெருவின் மின்சிக்கன மதிப்பெண்ணைக் கீழே இழுத்தது மரகதவல்லியின் வீடுதான். அவள் கணவர் மூச்சு இயந்திரத்தால்தான் உயிரோடிருந்தார்.

"கணக்கெடுக்கிற ரெண்டு மணி நேரம் மட்டும் மெஷினை நிறுத்தி வைங்கக்கா," என்று கெஞ்சினார் தெருச் சங்கச் செயலாளர் இளமாறன். அவள் மறுக்குமுன் கணவர் தலையசைத்துவிட்டார்.

கணக்கெடுப்பு நாளில் இயந்திரத்தை நிறுத்தியபின், அவள் சுவிட்சை நோக்கி எழுந்தபோதெல்லாம் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. அவள் ஓடிப்போய் இயந்திரத்தைப் போட்டும் பயனில்லை.

அடுத்த மாதம் ட்ராம் வந்தது. இளமாறன் இனிப்போடு வீட்டுக்கு வந்தார்.

"ஸ்டாப்புக்கு அண்ணன் பேரையே வைக்கப்போறோம்க்கா."

"அவரு பேரு என்னன்னு சொல்லு தம்பி."

இளமாறன் அவசரமாகப் போனை எடுத்துத் தேடத் தொடங்கினார்.