பதினோரு பதார்த்தங்கள்

"அக்கா, கணக்கு உதைக்குதே. பதினொண்ணுதான் வருது" என்றான் ஹோக், விரல்களை மடக்கிக்கொண்டே.

பாவ்யூன் காதில் விழாதவள் போல, சாக்கட்டியால் முற்றத்தில் அடுத்த வட்டத்தைப் போட்டாள். ஒரு வட்டம் என்றால் ஒரு மேசை, பத்துப் பேர்.

ஹோக் விடுகிற ஆள் இல்லை. அந்த மலைப்பக்கம் பந்தல் போட்டு நடக்கிற விருந்தெல்லாம் அவன் அடுப்பில்தான் வேகும். பதார்த்தக் கணக்கு கல்யாணம் காட்சிக்கு இரட்டைப்படை, இழவுக்கு ஒற்றைப்படை. அதில் பிசகினால் ஊர் அவனை நாறடித்துவிடும்.

"கடைசியா இனிப்பு உருண்டை சொல்ல மறந்துட்டீங்க. நானே சேத்துக்கறேன். நிதி திரட்டறேன்னு தைபே பணக்காரனையெல்லாம் கூப்பிட்டுட்டு, இழவுச் சோறா போடப்போறீங்க?"

"போட்டா என்ன?"

ஹோக் பெரிதாகச் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டான்.

முற்றம் முடியும் இடத்தில்தான் பழைய சுரங்கத்தின் வாய், கான்கிரீட் சுவர் வைத்து அடைத்தபடி இருந்தது. சுரங்க அலுவலகம்தான் இப்போது அருங்காட்சியகம். கூரை ஒழுகுகிறது. இந்த விருந்தில் பணம் சேரவில்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் உள்ளே தீப்பிடித்தது. வெளியே தூக்கி வரப்பட்டவர்களுக்கு இதே முற்றத்தில் இழவு விருந்து நடந்தது. வராதவர்களை உள்ளே வைத்தே, தீ அணையட்டும் என்று வாயை அடைத்துவிட்டார்கள். அவர்களைக் கம்பெனி 'காணாமல் போனவர்கள்' என்றது. செத்தவர்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை.

பாவ்யூனின் புருஷன் கைஷுனும் காணாமல் போனவன்தான்.

"காணாமப் போனவனுக்கு எப்படிடி இழவுச் சோறு போடறது? நாளைக்கே வந்து நின்னா?" என்று மாமியார் அன்றைக்குக் கேட்டாள். சாகிற வரைக்கும் அதையே கேட்டாள். பாவ்யூன் அழுது தீர்க்கவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் கிழவியானாள்.

அதனால்தான் விருந்துப் பொறுப்பை அருங்காட்சியக இயக்குநர் அவளிடம் ஒப்படைத்ததும் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள். இது கைஷுனின் விருந்து. யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வாயை அடைக்கச் சொன்ன மனுஷன் முதல் மேசையில் உட்கார்ந்து, பதினோரு பதார்த்தமும் ஒன்று விடாமல் தின்ன வேண்டும். அதை ஓரமாக நின்று கண்குளிரப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

"பதினொண்ணா?"

இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அன்றைக்குச் சுரங்க வாயை அடைக்கச் சொன்ன பெங் நின்றுகொண்டிருந்தார். எண்பது வயது. ஆனாலும் ஊருக்கு இன்னும் சின்ன முதலாளிதான். பெரிய நன்கொடை அவருடையது. இடத்தைப் பார்த்துப் போகலாம் என்று வந்தவர், எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை.

"ஐயோ, மறதி முதலாளி! இதோ, இனிப்பு சேத்தாச்சு" என்று ஹோக் பதறினான்.

பாவ்யூன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த மனுஷன் கோபித்துக்கொண்டு போனால் கூரையும் போச்சு, உள்ளே கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற கைஷுனின் சாப்பாட்டுத் தூக்கும் பழைய இரும்புக்குப் போச்சு. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் குனிந்து அடுத்த வட்டத்தைப் போட்டாள்.

பெங் தரையிலிருந்த வட்டங்களைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"சேக்க வேண்டாம். பதினொண்ணே இருக்கட்டும்."

அதற்குள் இயக்குநர் குடையும் கையுமாக ஓடிவந்தார், கார் வரைக்கும் கூடப் போக. பெங் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"வழியனுப்ப யாரும் வரக்கூடாது. சாவு வீட்டுல அது வழக்கமில்ல."

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. குடையைப் பிடித்தபடி நின்றார்.

பாவ்யூனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அதே வாயிலிருந்து, கடைசியில், அந்த வார்த்தை வந்துவிட்டது. அப்பாடா, கைஷுன் செத்துவிட்டான். அன்றைக்கே, அந்தத் தீயிலேயே செத்துவிட்டான். இனி அவனை அனுப்பி வைக்கலாம். பாழாய்ப்போன கோபம்கூட எங்கேயோ இறங்கிப் போனது போலிருந்தது.

பெங் காருக்குப் போகவில்லை. மெதுவாக நடந்து சுரங்க வாய்க்குப் போய், கான்கிரீட் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

அவள் பின்னாலேயே போனாள். நன்றி சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "சுவரு வெச்சு அடைச்ச மறுநாளும் உள்ளேருந்து தட்டிக்கிட்டே இருந்தாங்கம்மா."