சோதனைச் சாவடிக் காட்சி

தொண்டை கிழியக் கத்தினான்.

“திரும்பிப் போ கிழவி! காது கேக்கலையா?”

கேமராவுக்குப் பின்னால் நின்ற மகள் தால்யா, கிழவியின் வசனத்தைத் தாளில் பார்த்துச் சுரத்தில்லாமல் படித்தாள்.

டெல் அவிவில் சனிக்கிழமை மதியம். வெளிநாட்டுத் தொடர் ஒன்றில் வாய்ப்புக் கேட்டு, நடித்துக் காட்டிய பதிவை அனுப்ப வேண்டும். எதிராளியின் வசனத்தை யாராவது படிப்பது வழக்கம். ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்திருந்த மகள்தான் கிடைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் பாலஸ்தீனக் கிழவியைச் சோதனைச் சாவடியில் விரட்டும் இஸ்ரேல் அதிகாரி. அதுதான் வேஷம்.

ஒரு காலத்தில் இதே வெளிநாட்டுக்காரர்கள் அவனுக்கு நல்ல அதிகாரி வேஷம் கொடுத்தார்கள். குண்டு மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். விமான நிலையங்களில் முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது வில்லன் மட்டும்தான். அதற்கும் போட்டி.

வயிற்றெரிச்சலாக இருந்தது. அவன் அரசாங்கத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவன். ஊர்வலங்களில் கோஷம் போட்டுப் போட்டுக் குரல் கெட்டவன். நாங்கள் அப்படி இல்லை என்று வெளிநாட்டு நண்பர்களிடம் சண்டைக்குப் போவான்.

நாங்கள் என்று சொல்லும்போது அவன் நினைத்துக்கொள்வது மகளைத்தான்.

மறுபடி கத்தினான்.

தால்யா தாளைக் கீழே வைத்தாள்.

“நாங்க இப்படியெல்லாம் கத்தமாட்டோம்ப்பா.”

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சோதனைச் சாவடியிலேயே காவல் நிற்கிறவள் சொல்கிறாள். எவனோ உட்கார்ந்த இடத்தில் எழுதிய பொய்.

“நீயே செஞ்சு காட்டும்மா. கிழவியை நான் படிக்கிறேன்.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் அடையாள அட்டை இருப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

மூச்சு முட்டுகிறது, டாக்டர் காத்திருக்கிறார் என்று அவன் கெஞ்சினான்.

“இன்னைக்கு முடியாது.”

சாந்தமான குரல். அதில் கோபம் துளிகூட இல்லை.

உன் அம்மாவைப் போல நினைத்து விடுப்பா என்றான். அதுவும் தாளில் இருந்ததுதான்.

“இன்னைக்கு முடியாது.”

வசனம் தீர்ந்துவிட்டது. அவனால் நிறுத்த முடியவில்லை. பயமாக இருந்தது, பெற்ற பிள்ளையிடம்.

“தால்யா, கொஞ்சம் நிமிர்ந்து என் முகத்தைப் பாரும்மா.”

அவள் நிமிரவில்லை.

“அடுத்த ஆள்” என்றாள்.