மலேசியா ஜெயிக்குமா?

தொழிற்சாலை வேலை முடிந்து மாசாயில் உள்ள வீட்டுக்கு வந்த யோகேஸ்வரி, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியில் ஏ.ஐ.யிடம் கேட்டாள்: "இன்னிக்கு மலேசியா ஜெயிக்குமா?"

வாசலில் நின்ற பக்கத்து வீட்டுப் பிரேமளா சிரித்தாள். "ஒவ்வொரு மேட்சுக்கும் கேக்கிற. உன்னை மாதிரி பந்து பைத்தியத்தை நான் பார்த்ததே இல்ல லா!"

மலேசியாதான் ஜெயிக்கும் என்றது ஏ.ஐ. யோகேஸ்வரி பெருமூச்சு விட்டாள். பிறகு பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைப் பைக்குள் திணித்தாள்.

"எங்க கிளம்பிட்ட? மேட்ச் பாக்கலயா?"

"பொந்தியானுக்கு, தங்கச்சி வீட்டுக்கு. மலேசியா தோத்தா வீட்டுக்காரர் அடிப்பாருக்கா. இன்னிக்கு அடி விழுமா விழாதான்னு இதுகிட்ட கேட்டுக் கேட்டே அலுத்துப் போச்சு. இனிமே வரமாட்டேன்."

பிரேமளா சின்னவளைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தாள்.