கேக்கின்மேல் வரைந்த கோடு

பிற்பகல் வெயிலில் கேக்கின் சிவப்பு கிரீம் இளகிப் பளபளக்கிறது. புற்றுநோய் மருந்து சிலரிடம் ஏன் தோற்றுப்போகிறது என்று ஒன்பது வருடமாகக் கணினியில் மரபணுக்களைத் துழாவியவளின் கட்டுரை வெளிவந்திருக்கிறது. அதிலிருக்கும் வரைபடத்தையே கேக்கின்மேல் போடச் சொல்லியிருக்கிறார் ஆய்வுக்கூடத் தலைவர். நோயாளிகள் எத்தனை மாதம் உயிரோடிருந்தார்கள் என்று காட்டி, படிப்படியாக இறங்கும் கோடு. ஒவ்வொரு படியும் இறந்துபோன ஒரு நோயாளி. “ராப்பகலா உழைச்சவ நீ. பெரிய துண்டு உனக்குத்தாம்மா” என்று கத்தியை இறக்குகிறார். அவள் தட்டில் கோட்டின் பதினோராம் மாதம் வந்து விழுகிறது. அந்த மாதம் இறந்துபோனவளின் கட்டியின் மரபணுக்களை அவள் எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் விரலை நக்கியபடி, “கடைசிப் படி எனக்கு!” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவள் தட்டைத் தொடாமல் கையில் வைத்திருக்கிறாள். “சாப்பிடும்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்கிறார் தலைவர். அவள் ஒரு வாய் வைக்கிறாள். ருசியாகத்தான் இருக்கிறது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.