துட்டிக்கு வந்த மூன்று பேர்

சாவு நடந்து மூன்றாம் நாளும் துட்டி கேட்க, துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

சங்கரன்கோவில் பக்கம் துட்டிக்கு வருகிறவர்கள் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவதில்லை. போனவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம், என்ன பேசினார் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சாவு தானாக வந்தாலும் அதேதான், அவராகத் தேடிக்கொண்டாலும் அதேதான்.

கோமதிநாயகம் தேடிக்கொண்டார். எழுபத்தோரு வயதில்.

மகள் ராஜகுமாரி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடை மாரிராஜ்தான் ஆரம்பித்தார்.

"மூணு தடவை கடைக்கு வந்தாரும்மா, ராத்திரி கண்ணே மூட முடியலன்னு. டாக்டரைப் பாருங்க அண்ணாச்சின்னு அனுப்பிட்டேன்."

அந்த டாக்டரின் நர்ஸும் வந்திருந்தாள். வயிறு எரிகிறது என்று வந்தாராம். ஸ்கேனில் ஒன்றுமில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு கொடுத்தார்களாம். போனாரா என்று சீட்டு கொடுத்த இடத்தில் யாரும் கேட்கவில்லை. இப்படி ஒருவர் வர வேண்டும் என்பதே அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது.

கோமதிநாயகத்தோடு கூடத் தறி ஓட்டிய பீர் மைதீன், வாசலில் நின்ற சைக்கிளைக் காட்டி உடைந்து போனார். அதில்தான் வந்திருந்தார்.

"போன வாரம் தந்தாரு தாயி. நீரே வச்சுக்கிடும் வே, இனி நான் எங்கன போவப்போறேன்னாரு. முட்டுவலிக்குச் சொல்லுதாருன்னு நெனச்சிட்டேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரே ஒரு நாள் இந்த மூவரும் டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசியிருந்தால், மனுஷன் இன்றைக்கு இருந்திருக்கலாம்.

ராஜகுமாரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தூக்கம் வருகிறதா, காரணம் தெரியாத வலி உண்டா, தன் பொருளை யாருக்காவது கொடுத்தாரா என்று கேட்பதுதான் அவள் வேலை. சுகாதார நிலையத்துக்காக மாதம் ஒருமுறை, வீடு வீடாக, அறுபது தாண்டிய ஆண்களிடம். பதில் சரியில்லை என்றால் அவளே மனநல டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லி, அவளே அவரிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைப்பாள்.

மூன்று தெரு தள்ளி இருக்கிற ஷேக் ஃபரீத் அப்படிப் பிழைத்தவர். நேற்று வந்தவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலோடு திரும்பிவிட்டார்.

ஆட்கள் கலைந்தபிறகு, அப்பா பெயரை அடிப்பதற்காக ராஜகுமாரி பதில்களைக் குறித்து வைக்கும் நோட்டை எடுத்தாள்.

அவள் வட்டத்தில் முதல் வீடே அவள் வீடுதான். அப்பா பெயருக்கு நேரே ஒவ்வொரு கட்டத்திலும் அவள் கையெழுத்தில் 'நலம்' என்றிருந்தது. ஒரு தடவைகூடக் கேட்டு எழுதியதில்லை. ஊரில் அத்தனை பேரிடமும் கேட்டுவிடலாம், பெற்ற அப்பாவிடம் போய் 'வாழப் பிடிக்கவில்லையா' என்று எப்படிக் கேட்பது? அவர் அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்க, அடுப்படியில் உட்கார்ந்து அவளே எழுதியது.

வேலை மிச்சம் என்று அடுத்த மாதத்துக்கும் எழுதி வைத்திருந்தாள். நலம்.